எந்த டேட்டாபேஸிலும் ஓடுமாம்!

கொழும்பில் மென்பொருள் விற்கும் கம்பனிகள் காட்டும் படங்களில் ஒன்று மட்டும் மாறுவதேயில்லை. மேலே கம்பனியின் தயாரிப்பு. நடுவில் ‘ஜேடிபிசி’ (ஜாவாவிலிருந்து டேட்டாபேஸோடு பேசும் பொது இடைமுகம்) என்று எழுதிய நீளப் பட்டை. அதற்குக் கீழே ஒரக்கிள், எஸ்கியூஎல் சேர்வர், மைஎஸ்கியூஎல், போஸ்ட்கிரெஸ் என நான்கு உருளைகள். கூடவே வரும் வசனமும் மாறாது: “உங்களிடம் எந்த டேட்டாபேஸ் இருந்தாலும் பிரச்சினையில்லை, டிரைவரை மாற்றினால் சரி.” விற்கிறவர் அப்படிச் சொல்வதில் வியப்பில்லை, அது அவருடைய தொழில். அந்தப் பட்டைக்குக் கீழே கை வைத்து வேலை செய்யும் பொறியியலாளர்களில் பலரும் இப்போது அதையே திருப்பிச் சொல்கிறார்கள் என்பதுதான் என் முறைப்பாடு.

முழுப் பொய் என்று சொல்ல வரவில்லை. ஓர் எண், ஒரு பெயர், ஒரு திகதி என்று ஒற்றை மதிப்புகளாகப் போய்வரும் வரை ஜேடிபிசி சொன்னதைச் செய்கிறது. (திகதிக்குள் நேரவலயம் என்ற பூதம் இருக்கிறது, அதை இன்னொரு நாள் பார்க்கலாம்.) ஒரு பட்டியலை ஒரே புலத்தில் வைக்க நினைத்தாலோ, பட்டியல் ஒன்றை வினவலுக்கு ஒரே மதிப்பாக அனுப்ப நினைத்தாலோ கதை மாறிவிடுகிறது. அப்போதும் “டிரைவர் பார்த்துக்கொள்ளும்” என்கிறார்கள். டிரைவர் பார்க்காவிட்டால் “மேலே ஓர் உறை போட்டுவிடுவோம், எல்லாம் ஒரே மாதிரி தெரியும்” என்கிறார்கள். இரண்டுமே தவறு என்பது என் வாதம். இரண்டாவது கூடுதல் ஆபத்தானது. முதலாவதை நம்பியவர் முதல் நாளே அடி வாங்கித் திருந்திவிடுவார். இரண்டாவதை நம்பியவரின் தரவு பல மாதம் கெட்டுக்கொண்டேயிருக்கும், அவருக்குத் தெரியாது.

“தரநிலை இருக்கிறதே” என்ற வாதத்தை முதலில் எடுப்போம். இப்படிப் பட்டியலைத் தாங்கும் ‘அணி’ (அரே) என்ற வகை ஜேடிபிசிக்குள் வந்தது 1998 டிசம்பரில், ஜாவா 1.2 உடன் வெளியான ஜேடிபிசி 2.0 இல். அடுத்த ஆண்டு எஸ்கியூஎல் தரநிலையும் அணியை ஏற்றுக்கொண்டது. ஆனால் டேட்டாபேஸிலிருந்து வரும் அணியை வாசிக்கத்தான் அப்போது பொது வழி இருந்தது. ஜாவாப் பக்கத்தில் புதிதாக ஓர் அணியை உருவாக்கி அனுப்புவதற்கு இல்லை. அதற்கான ‘கிரியேட் அரே ஆஃப்’ என்ற மெதட் 2006 டிசம்பரில் ஜாவா 6 உடன்தான் வந்தது. இடைப்பட்ட எட்டு ஆண்டுகளில் ஒவ்வொரு டிரைவரும் தனக்குத் தோன்றிய வழியில் போய்விட்டது.

வந்த மெதட்டின் ஆவணத்தையாவது நிதானமாக வாசிக்க வேண்டும். அதற்கு இரண்டு தகவல்கள் தேவை: உறுப்புகளின் வகைப் பெயர், பிறகு உறுப்புகள். அந்த வகைப் பெயர் டேட்டாபேஸுக்கு டேட்டாபேஸ் வேறுபடும் என்று ஆவணமே சொல்கிறது. ஜாவாவின் அடிப்படை எண் வகைக்குப் பொருந்தும் அணியைத் திரும்ப எடுக்கும்போது, அது அடிப்படை வகை அணியாக வருமா, பொருள்களின் அணியாக வருமா என்பது டிரைவர் எழுதியவரின் விருப்பம் என்றும் சொல்கிறது. அந்த வகைக்கு ஆதரவே இல்லையென்றால் ‘இந்த வசதி இல்லை’ என்ற விதிவிலக்கை எறியலாம் என்றும் சொல்கிறது. பெயர் உன் பொறுப்பு, வடிவம் அவன் விருப்பம், கிடைக்குமா என்பது அதிர்ஷ்டம். இவ்வளவு வெளிப்படையாகக் கைவிரித்த ஒரு தரநிலையைத்தான் நம்மவர்கள் கேடயமாகத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள்.

இனி உருளைகளுக்கு வருவோம். போஸ்ட்கிரெஸில் அணி பிறப்பிலிருந்தே உண்டு. ‘இன்ட்4’ என்றோ ‘டெக்ஸ்ட்’ என்றோ வகைப் பெயரைக் கொடுத்தால் டிரைவர் அணியை உருவாக்கித் தரும். திரும்ப வாசிக்கும்போது முழு எண் அணி ‘இன்டிஜர்’ பொருள்களின் அணியாக வரும். நல்லது.

ஒரக்கிளில் பெயரில்லாத அணி என்ற ஒன்றே கிடையாது. ‘இத்தனை உறுப்பு வரை கொள்ளும், இன்ன வகை’ என்று முதலில் டேட்டாபேஸுக்குள் ஒரு வகையை உருவாக்கிப் பெயர் வைக்க வேண்டும். ஆகவே பொதுவான ‘கிரியேட் அரே ஆஃப்’ அங்கே வேலை செய்யாது. ஒரக்கிளின் சொந்த இணைப்பு வகுப்பில் உள்ள ‘கிரியேட் ஒரக்கிள் அரே’யை அழைத்து அந்த வகைப் பெயரைக் கொடுக்க வேண்டும். ஹிகாரி போன்ற இணைப்புக் குளத்திலிருந்து இணைப்பு வந்தால், மேலிருக்கும் போர்வையை உரித்து உள்ளே இருக்கும் உண்மையான ஒரக்கிள் இணைப்பை வெளியே எடுக்கவும் வேண்டும். திரும்ப வரும் எண்கள் ‘பிக் டெசிமல்’ பொருள்களாக இருக்கும். போஸ்ட்கிரெஸுக்கு எழுதிய கோட் அதை ‘இன்டிஜர்’ அணி என்று நினைத்துத் தொட்ட இடத்தில் விழும். இத்தோடு ஒரு நிர்வாகச் சிக்கலும் உண்டு. கொழும்பில் ஒரக்கிள் வைத்திருப்பவர் பெரும்பாலும் ஒரு வங்கி. அந்த வங்கியின் டேட்டாபேஸில் புதிய வகை உருவாக்க நமது செயலிக்கு அனுமதி இருக்காது. மாற்றக் கோரிக்கை எழுதி, டேட்டாபேஸ் நிர்வாகியான டிபிஏ பார்த்து, பராமரிப்பு நேரத்துக்குக் காத்திருக்க வேண்டும். எந்த ஜாவா உறையும் இதைச் செய்து தரப்போவதில்லை.

மைஎஸ்கியூஎல்லில் அணி வகையே இல்லை. டிரைவர் விதிவிலக்கை எறியும். எஸ்கியூஎல் சேர்வரிலும் இல்லை. அங்கே 2008 பதிப்பிலிருந்து முழு அட்டவணையையே ஓர் அளவுருவாக அனுப்பலாம். ஆனால் அதற்கும் ஒரு வகையை முன்கூட்டி டேட்டாபேஸில் உருவாக்க வேண்டும், அந்த டிரைவருக்கே உரிய வகுப்பைப் பாவிக்க வேண்டும். ஆக, ஜேடிபிசி என்ற பட்டைக்குக் கீழே வரைந்த நான்கு உருளைகளில் பட்டை சொன்னதைச் சொன்னபடி செய்வது ஒன்றே ஒன்று.

டிரைவர் எழுதியவர்கள் சோம்பேறிகள் என்று இதற்கு அர்த்தமில்லை. ஒரக்கிள் டிரைவர் பெயரில்லாத அணியை மறுப்பதற்குக் காரணம் ஒரக்கிள் டேட்டாபேஸ் அதை மறுப்பதுதான். மைஎஸ்கியூஎல் டிரைவரால் இல்லாத வகையை எங்கிருந்து கொண்டுவர முடியும்? அமெரிக்காவிலிருந்து வந்தவர் அடாப்டர் மாட்டினால் அவருடைய பிளக் நம் சுவரில் பொருந்தும். 110 வோல்ட் சாதனம் 230 வோல்ட்டில் கருகுவதை அடாப்டர் தடுக்காது. டிரைவர்களின் முரண்பாடு என்று நாம் முணுமுணுப்பது உண்மையில் டேட்டாபேஸ்களின் முரண்பாடு. அணி என்றால் என்ன என்பதில் அவற்றுக்குள் உடன்பாடு இல்லை.

இங்கேதான் உறைக்காரர்கள் எழுந்து நிற்பார்கள். “அதற்காகத்தானே உறை எழுதுகிறோம்? அணியை ஆதரிக்கும் இடத்தில் அணி. ஆதரிக்காத இடத்தில் காற்புள்ளியால் கோத்து ஒரு சரமாக வைத்துவிடுவோம். மேலேயிருந்து பார்த்தால் வித்தியாசமே தெரியாது.” கொழும்புக் கம்பனிகளின் கோட் களஞ்சியங்களில் இந்த உறைக்குப் பஞ்சமில்லை. அது என்ன செய்கிறது என்று நம் ஊர்த் தரவொன்றை வைத்தே பார்ப்போம்.

இலங்கையில் அணி மீது ஆசை வர ஒரு நல்ல காரணம் இருக்கிறது: மூன்று மொழி. ஓர் இடத்தின் பெயரைச் சிங்களத்திலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் வைத்திருக்க வேண்டும். வீதிப் பலகைகளில் பார்க்கும் அதே வரிசையில் மூன்று உறுப்புள்ள ஓர் அணியாக வைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று தோன்றும். கொள்ளுப்பிட்டி என்ற நிரையில் மூன்றும் இருக்கிறது, சிக்கல் இல்லை. அடுத்த நிரை கடற்கரையோரம் புதிதாக எழும்பிய ஒரு தொடர்மாடி. சிங்களப் பெயர் இருக்கிறது, ஆங்கிலப் பெயர் இருக்கிறது, தமிழ்ப் பெயரை யாரும் உள்ளிடவில்லை. (எந்த மொழி விடுபடும் என்று வாசகர் முன்பே ஊகித்திருப்பார்.) நடு உறுப்பு ‘நல்’, அதாவது மதிப்பே இல்லை.

போஸ்ட்கிரெஸில் அணியாகவே இருந்தால் மூன்று உறுப்பும் வரும், நடுவில் ‘நல்’ வரும். திரையில் தமிழ்ப் பெயரின் இடத்தை வெறுமையாகக் காட்டலாம், அல்லது ஆங்கிலப் பெயரைத் தெரிந்தே காட்டலாம். முடிவு நம் கையில். இதையே மைஎஸ்கியூஎல்லுக்கு மாற்ற வேண்டி வருகிறது. ஒருவர் போஸ்ட்கிரெஸின் ‘அரே டு ஸ்டிரிங்’ செயற்கூற்றால் அணியைக் காற்புள்ளிச் சரமாக மாற்றி ஏற்றுமதி செய்கிறார். மாற்று மதிப்பு எதுவும் தராவிட்டால் அந்தச் செயற்கூறு ‘நல்’ உறுப்புகளை விட்டுவிட்டுக் கோக்கும். மூன்று உறுப்பு இரண்டாகிறது. மறுபக்கம் பிரித்தால் முதலாவது சிங்களம், இரண்டாவது ஆங்கிலம். தமிழுக்குரிய இடத்தில் ஆங்கிலம் உட்கார்ந்திருக்கிறது. தமிழில் பார்ப்பவருக்கு ஆங்கிலப் பெயர் தமிழ்ப் பெயர் என்ற தகுதியோடு வருகிறது. ஆங்கிலத்தில் பார்ப்பவருக்கு மூன்றாவது உறுப்பே இல்லை.

சரி, ஏற்றுமதியை ஜாவாவிலேயே செய்வோம் என்கிறார் இன்னொருவர். ஜாவாவின் ‘ஸ்டிரிங் ஜொயின்’ ‘நல்’ உறுப்பை விட்டுவிடாது. அந்தச் சொல்லையே நான்கு ஆங்கில எழுத்துகளில் சரத்துக்குள் எழுதிவிடும். தொடர்மாடியின் தமிழ்ப் பெயர் இப்போது அந்த நான்கு எழுத்து. வெற்றுச் சரத்தை வைத்தால்? நடு உறுப்பு தப்பிக்கும். ஆனால் விடுபட்டது கடைசி உறுப்பாக இருந்தால், ஜாவாவின் ‘ஸ்பிளிட்’ தன் வழக்கப்படி வால் பக்கத்து வெற்றுச் சரங்களை வெட்டிவிட்டு இரண்டையே தரும். ஒரக்கிளுக்குப் போனால் அதற்கு வெற்றுச் சரமும் ‘நல்’லும் ஒன்றே. ‘மொழிபெயர்ப்பு இன்னும் வரவில்லை’ என்பதை ‘நல்’லாகவும், ‘இந்த மொழியில் பெயர் வைக்க வேண்டாம் என்று முடிவெடுத்தோம்’ என்பதை வெற்றுச் சரமாகவும் பிரித்து வைத்த கவனமான ஆளின் உழைப்பு அங்கே ஒரே நொடியில் கரைந்துபோகும்.

இத்தனையிலும் ஒரு விதிவிலக்கு எறியப்படவில்லை, லொக் கோப்பில் ஓர் எச்சரிக்கை வரி விழவில்லை. பிழை தெரிய வருவது ஒரு பாவனையாளர் முறையிட்டால்தான். தமிழ்ப் பெயர் தவறாக இருப்பதற்கெல்லாம் இந்த ஊரில் எத்தனை பேர் முறையிடுவார்கள்? பழகிப்போய்விட்டார்கள்.

மௌனமாகக் கெடுப்பதில் மைஎஸ்கியூஎல் டிரைவருக்கும் ஒரு பெயர் உண்டு. ஒரு ஜாவாச் சர அணியை அப்படியே ‘செட் ஒப்ஜெக்ட்’டுக்குக் கொடுத்தால், அது என்ன வகை என்று தெரியாத நிலையில் அந்தப் பொருளை ஜாவாவின் வரிசையாக்க முறைப்படி பைட்களாகச் சுருட்டி அனுப்பிய பதிப்புகள் உண்டு. எழுத்துப் புலத்தில் புரியாத குறியீடுகள் சேமிக்கப்பட்டிருக்கும். தேடலில் பாவித்தால் பிழையே இல்லாமல் பூச்சியம் நிரைகள் வரும். ஒரு பட்டியலை அதேபோல் போஸ்ட்கிரெஸ் டிரைவருக்குக் கொடுத்துப் பாருங்கள். என்ன வகை என்று ஊகிக்க முடியவில்லை என்று அங்கேயே கத்தும். எனக்குக் கத்துகிற டிரைவரைத்தான் பிடிக்கும்.

“நாங்கள் புலத்தில் அணி வைப்பதேயில்லை, அடையாள எண்களின் பட்டியலைத் தேடலுக்கு அனுப்ப மட்டும்தான் வேண்டும்” என்று ஒதுங்குகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் செய்வது, பட்டியலில் எத்தனை எண்ணோ அத்தனை கேள்விக்குறியை ‘இன்’ அடைப்புக்குள் பரப்புவது. இது எல்லா டிரைவரிலும் ஓடும் என்பது உண்மைதான், எல்லை வரும் வரை. ஒரக்கிளில் 23ஏஐக்கு முந்திய பதிப்புகளில் அடைப்புக்குள் 1000 உறுப்புக்கு மேல் போனால் பிழை. எஸ்கியூஎல் சேர்வரில் ஒரு வினவலுக்கு 2100 அளவுருதான் உச்சம். போஸ்ட்கிரெஸின் தொடர்பு நெறியில் 65,535. பட்டியல் வெறுமையாக இருந்தால் அடைப்புக்குள் ஒன்றுமில்லாத வாக்கியம் உருவாகும். மேற்சொன்ன நான்கு டேட்டாபேஸிலும் அது இலக்கணப் பிழை. போஸ்ட்கிரெஸுக்கு ‘எனி’யோடு ஒரு வெற்று அணியை அனுப்பினால் அமைதியாக ஒரு நிரையும் இல்லை என்று பதில் வரும். மேலும் 7 எண் கொண்ட பட்டியலும் 8 எண் கொண்ட பட்டியலும் டேட்டாபேஸின் கண்ணில் இரண்டு வேறு வினவல்கள். ஒவ்வொரு நீளத்துக்கும் அது புதிதாகத் திட்டம் போட வேண்டியிருக்கும். ஆகவே பரப்புவதும் அணி அனுப்புவதும் ஒரே காரியத்தின் இரண்டு வடிவங்கள் என்ற பேச்சை நான் ஏற்பதில்லை.

இதற்கெல்லாம் சாட்சி தேடி வெளிநாடு போக வேண்டியதில்லை. 20, பாம் குரோவ், கொழும்பு 03 என்ற கொள்ளுப்பிட்டி முகவரி இந்தத் துறையில் உலகம் அறிந்தது: டபிள்யூஎஸ்ஓ2. (இந்த முகவரியைக் காற்புள்ளியால் பிரித்து வைக்கும் உறையிடம் கொடுத்துப் பாருங்கள், ஒரு முகவரி மூன்று உறுப்பாகும்.) சஞ்சீவ வீரவரண, போல் ஃப்ரீமன்டில் உள்ளிட்டோர் 2005 இல் தொடங்கிய கம்பனி. அங்கே பிறந்த பலரீனா என்ற நிரலாக்க மொழி 2017 இல் அறிமுகமாகி, 2019 செப்டெம்பரில் 1.0 பதிப்பாகவும் 2022 பெப்ரவரியில் ‘ஸ்வான் லேக்’ என்ற பெயரிலும் வந்தது. ஜாவா இயந்திரத்தின் மேல் ஓடும் மொழி. டேட்டாபேஸுடன் ஜேடிபிசி டிரைவர்கள் வழியாகவே பேசுகிறது. ஒரு மொழியையே புதிதாக வடிவமைத்தவர்கள் என்பதால், அணியை எல்லா இடத்திலும் ஒன்றாகக் காட்ட வேண்டும் என்ற ஆசைக்கு அவர்களைவிட அதிக சுதந்திரம் யாருக்கும் இருந்திருக்காது.

அவர்கள் செய்தது என்ன? பொதுவான எஸ்கியூஎல் நூலகத்தில் ‘அணி’ என்று ஒரே வகையாக விட்டுவிடவில்லை. வார்கார் அணி, இன்டிஜர் அணி, டெசிமல் அணி, திகதி அணி என்று உறுப்பின் வகைக்கேற்ப ஒரு நீண்ட வரிசை வகைகளை வைத்தார்கள். உறுப்பு எது என்பதை எழுதுகிறவரே சொல்ல வேண்டும். ஒரக்கிளுக்கு வந்தபோது அந்தப் பொது வகைகளே போதும் என்று நடிக்கவில்லை. ஒரக்கிள் நூலகத்தில் ‘வரே’ என்று தனி வகை, அதில் டேட்டாபேஸில் உள்ள வகையின் பெயருக்கென்று ஒரு புலம். பெயரை எழுதுகிறவர்தான் தர வேண்டும். பட்டியலை அடைப்புக்குள் பரப்பும் வேலைக்கு ‘அரே ஃபிளாட்டன் குவெரி’ என்று தனிச் செயற்கூறு. தட்டையாக்குகிறேன் என்று அது பெயரிலேயே சொல்லிவிடுகிறது, அணி அனுப்புவதாக வேஷம் போடுவதில்லை. வேறுபாடு உள்ள இடத்தில் வேறுபாட்டை எழுதுகிறவரின் கண்ணுக்கு முன்னால் வைத்த இந்த வடிவமைப்பை, அதே பாம் குரோவிலிருந்து இரண்டு தெரு தள்ளி உட்கார்ந்து உறை எழுதுகிறவர்கள் ஒருமுறை திறந்து பார்க்கலாம்.

ஜாவாப் பொருள்களை அட்டவணைகளோடு இணைக்கும் ஹைபர்னேட் நூலகம் பார்த்துக்கொள்ளும் என்பவர்களுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2022 இல் வந்த 6.1 பதிப்பிலிருந்து அது அணிகளைக் கையாள்கிறது. டேட்டாபேஸ் இடம் கொடுத்தால் உண்மையான அணி, ஒரக்கிளில் பெயருள்ள வகை, மற்ற இடங்களில் வேறு வடிவம். ஒரே ஜாவாப் புலம் டேட்டாபேஸுக்கு ஏற்ப வெவ்வேறு விதமாக உறங்குகிறது. அந்தத் தரவை ஹைபர்னேட் மட்டுமே என்றென்றைக்கும் தொடுமென்றால் பரவாயில்லை. அறிக்கை எடுக்கும் பைதன் கோட், கணக்குப் பிரிவின் நேரடி வினவல், பழைய மாதாந்த வேலை எல்லாம் அதே அட்டவணையைத் தொடும்போது அந்த மாயம் கலையும்.

சோதனை பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் தவறான நம்பிக்கை இங்கேதான் ஊட்டப்படுகிறது. நினைவகத்தில் ஓடும் எச்2 என்ற சிறிய டேட்டாபேஸை வைத்துச் சோதனை எழுதுவது ஜாவா உலகத்தில் வழக்கம். டபிள்யூஎஸ்ஓ2 தயாரிப்புகளும் எச்2வோடுதான் பெட்டியில் வருகின்றன. ஆனால் உண்மையான பாவனைக்கு அதை வைக்காதீர்கள், மாற்றிவிடுங்கள் என்று அவற்றின் ஆவணம் சொல்கிறது. நம்மவர்கள் அந்த அறிவுரையின் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். பாவனையில் ஒரக்கிள், சோதனையில் எச்2. எச்2வுக்கு ‘கிரியேட் அரே ஆஃப்’ ஓடும், ஒரக்கிளுக்கு ஓடாது. எல்லாச் சோதனையும் பச்சையாக எரியும், வங்கியில் போட்ட அன்று முதல் பட்டியல் விழும். எச்2வே கூடத் தன்னோடு ஒத்துப்போவதில்லை. பழைய பதிப்புகளில் உறுப்பின் வகையைச் சொல்லாமல் வெறுமனே அணி என்று ஒரு புலத்தை உருவாக்கலாம். 2021 இல் வந்த 2.0 இலிருந்து வகை கட்டாயம். எச்2வில் ஓடியது என்பதற்கு எச்2வின் அந்தப் பதிப்பில் ஓடியது என்பதைத் தாண்டி ஒரு பொருளும் கிடையாது.

எதிர்முனையில் ஒரு கட்சி இருக்கிறது. அணியே பாவம், தொடர்புசார் டேட்டாபேஸ்களுக்கு அடித்தளமிட்ட கொட் 1970 இல் எழுதியதைப் படிக்காதவர்களின் வேலை, பிள்ளை அட்டவணை போடுங்கள் என்பார்கள். இவர்களோடு எனக்குப் பாதி உடன்பாடு. உறுப்புகள் வேறோர் அட்டவணையைச் சுட்டுமானால் பிள்ளை அட்டவணைதான் சரி. போஸ்ட்கிரெஸில்கூட அணி உறுப்புகளுக்கு அந்நியச் சாவி வைக்க முடியாது. அந்த மும்மொழிப் பெயர்களுக்கும், மொழிக் குறியீட்டோடு கூடிய தனி அட்டவணை அணியைவிட நல்லது என்றே சொல்வேன். அதனால் அணிப் பிரச்சினை ஒழிந்துவிடுமா? பிள்ளை அட்டவணையில் 5000 நிரைகளை ஒரே தடவையில் தேட மறுபடியும் ஒரு பட்டியலை அனுப்பியாக வேண்டும். பிள்ளை நிரைகளைத் தாயோடு சேர்த்து ஒரே புலமாகத் திரட்டினால் அணி பின்கதவால் வந்துவிடும். போஸ்ட்கிரெஸின் ‘அரே அக்’ திரட்ட நிரையே இல்லாதபோது வெற்று அணியைத் தராது, ‘நல்’லைத் தரும். ஒழுக்கம் பேசி அணியைத் தவிர்த்தவரின் கோட் அங்கே ‘நல்’லில் இடறி விழும்.

பிறகு என்னதான் செய்வது? ஒரே மாதிரித் தன்மையை டிரைவரிடம் கேட்பதை நிறுத்திவிட்டு நாமே அதை வரையறுக்க வேண்டும். நமது செயலியில் பட்டியல் என்றால் என்ன? பட்டியல் இல்லை என்பதும் வெற்றுப் பட்டியல் என்பதும் ஒன்றா, வேறா? உறுப்பாக ‘நல்’ வரலாமா? வரிசைக்குப் பொருள் உண்டா? எண் என்றால் எந்த ஜாவா வகை, அதற்குள் அடங்காத ‘பிக் டெசிமல்’ வந்தால் வெட்டுவதா, விதிவிலக்கு எறிவதா? இவற்றுக்குச் சொந்தப் பதிலை எழுதி வைத்துவிட்டு, டேட்டாபேஸுக்கு ஒன்றாகச் சிறிய வகுப்புகள் எழுதலாம். போஸ்ட்கிரெஸுக்கு அணியும் ‘எனி’யும், ஒரக்கிளுக்குப் பெயருள்ள வகை, எஸ்கியூஎல் சேர்வருக்கு அட்டவணை அளவுரு, மைஎஸ்கியூஎல் 8.0க்கு ஜேசன் அணியை அனுப்பி ‘ஜேசன் டேபிள்’ செயற்கூற்றால் நிரைகளாக விரிப்பது. ஜேசனில் ‘நல்’லும் வெற்றுச் சரமும் வேறுபட்டே இருக்கும், காற்புள்ளியும் யாரையும் வெட்டாது. ஜேடிபிசியின் அணிப் பொருள் அந்த வகுப்பைத் தாண்டி வெளியே போகக் கூடாது. அது பரிமாற்றம் முடியும் வரை உயிரோடிருக்கும் என்பதற்குத்தான் தரநிலையின் உறுதி. அதை அப்படியே மேலே திருப்பிக் கொடுத்துவிட்டு இணைப்பை மூடுகிற கோட் ஒரு டிரைவரில் ஓடும், இன்னொன்றில் ஓடாது. உள்ளேயே முழுவதும் வாசித்து, சாதாரணப் பட்டியலாக்கி, ‘ஃப்ரீ’ கொடுத்து அனுப்ப வேண்டும்.

இதையும் உறை என்று யாராவது சொல்லலாம். சொல்லட்டும். நான் எதிர்க்கிற உறைக்கும் இதற்கும் வித்தியாசம், முடியாததைச் சந்திக்கும்போது இது என்ன செய்கிறது என்பதில் இருக்கிறது. ஆதரவில்லாத டேட்டாபேஸ் என்றாலோ, தேவையான வகை அங்கே இல்லை என்றாலோ இது செயலி எழும்பும்போதே நின்றுவிட வேண்டும், என்ன இல்லை என்று பெயர் சொல்லி. காற்புள்ளிச் சரத்துக்குச் சத்தமில்லாமல் இறங்கிவிடக் கூடாது.

“நான்கு டேட்டாபேஸுக்கு நான்கு மடங்கு வேலை, எங்களிடம் ஆளில்லை” என்பதுதான் கடைசியாக வரும் மறுப்பு. கணக்கு தவறு. வகுப்புகள் நான்கு, ஆனால் ஒவ்வொன்றும் சிறியது. சோதனைத் தொகுதி ஒன்றே. வெற்றுப் பட்டியல், ‘நல்’ உறுப்பு, காற்புள்ளி உள்ள சரம், தமிழ் எழுத்துள்ள சரம், 1001 உறுப்புள்ள பட்டியல் என்று எழுதிய அதே சோதனைகள் நான்கிலும் ஓட வேண்டும். டெஸ்ட்கன்டெய்னர்ஸ் போன்ற கருவியால் உண்மையான போஸ்ட்கிரெஸையும் ஒரக்கிளையும் டொக்கரில் எழுப்பி, ஓட்டி, அழித்துவிடலாம். மெதுவாகத்தான் இருக்கும், இரவில் ஓடட்டும். பயிற்சிக்கு வரும் மொறட்டுவைப் பல்கலைக்கழக மாணவர் ஒருவருக்குக் கொடுக்க இதைவிட நல்ல முதல் வேலையும் இல்லை. ஒரு டேட்டாபேஸ் இன்னொன்றாக நடிக்காது என்பதைப் பாடப்புத்தகம் அவருக்குச் சொல்லியிருக்காது.

ஒரக்கிள் வகையை உருவாக்கும் கட்டளையை நிறுவல் கோப்போடு சேர்த்து, எந்த ஸ்கீமாவில், என்ன பெயரில், எத்தனை உறுப்பு வரை என்று ஒரு பக்கத்தில் எழுதி வங்கியின் டிபிஏயிடம் கொடுங்கள். அவர் உச்ச அளவு ஏன் இவ்வளவு என்று கேட்பார், பெயரைத் தங்கள் வழக்கப்படி மாற்றச் சொல்வார், பிறகு செய்து தருவார். அந்தப் பெயரை அமைப்புக் கோப்பில் ஒரு வரியாக மாற்ற வேண்டியதுதான் நமக்கு மிஞ்சும் வேலை.